ஏற்றுவதற்கு முதல்

வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகிலும் ஒரு காலத்தில் கொமியூனிகேஷன் கடைகள் இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் சூரிச்சுக்கும் கதைப்பவர்களின் குரல் வெளியே வாங்கில் இருப்பவர்களுக்கும் கேட்கும். விசா வரும்வரை லொட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள், திருகோணமலையிலிருந்து கப்பலில் ஊருக்குப் போக அனுமதி பார்த்திருந்தவர்கள், பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தவர்கள் என்று அந்த வாங்கு எப்போதும் நிரம்பியிருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் கடைகளின் பின்பக்கத்தில் இரண்டொரு கணினிகள் வந்தன. பெயர்ப்பலகையில் 'ஈமெயில், இன்ரநெற், ஸ்கானிங்' என்று ஒரு வரி கூடியது. இன்று அந்த இடங்களில் நகைக்கடையும் கைத்தொலைபேசிக் கடையும் புடைவைக் கடையும். ஹம்டன் லேன் முடக்கில் நின்றால் எந்தக் கடைக்குள் எந்தப் பக்கமாக மேசை கிடந்தது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

அந்த மேசைகளுக்கும் எனக்கும் உள்ள தொடர்பு சற்று வேறு விதமானது. மற்றவர்கள் அங்கே கடிதம் பார்க்க வந்தார்கள். நான் கொட்டாஞ்சேனையில் செய்து முடித்த பக்கங்களை இன்னொருவரின் கணினியில் திறந்து பார்க்க வந்தேன்.

வேலை ஓர் அச்சகத்தில். ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் இருந்தது. வெள்ளவத்தையில் 155 பஸ் பிடித்தால் மருதானை, ஆமர் வீதி என்று சுற்றிக் கொண்டுபோய் விடும். பொன்னம்பலவாணேசர் கோயில் மணியும் புனித லூசியாள் பேராலய மணியும் கேட்கும் தூரம். கலியாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம் எல்லாம் அடித்தோம். ஆனால் அச்சகத்தை நிமிர்த்தி வைத்திருந்தவை நினைவு மலர்கள். எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்று சொல்லும் அந்தச் சிறு புத்தகம் 31ஆம் நாளுக்கு முதல் கையில் இருந்தாக வேண்டும். தேவாரம், திருவாசகம், காலமானவரின் வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகள் மருமக்கள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். யாழ்ப்பாணத்தில் செத்தவருக்குக் கொழும்பில் அடித்து, ரொறொன்ரோவில் பகிர்ந்தார்கள். ஊருக்குப் பாதை இல்லாத காலத்தில், தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காத பிள்ளைகளுக்கு அந்த மலர்தான் செத்தவீடு.

அப்படிப்பட்ட ஒரு பிள்ளைதான் லண்டனிலிருந்து முதலாளிக்கு ரெலிபோன் எடுத்து, இந்த மலரை அப்படியே இன்ரநெற்றில் போட ஏலாதோ என்று கேட்டது. 2000ஆம் ஆண்டு. யூனிற்றி பிளாசாவுக்குப் போய் முதலாளி ஒரு புதுக் கணினி வாங்கி வந்தார். விண்டோஸ் 98, அதற்குள் ஃபுரொண்ட்பேஜ் 2000. வெர்மியர் என்ற ஒரு சிறு கொம்பனி செய்ததை மைக்ரோசொஃப்ட் 1996இல் வாங்கித் தன் பெயரில் விற்ற மென்பொருள் அது. வலைத்தளம் கட்டுவதற்கு எச்ரிஎம்எல் படிக்கத் தேவையில்லை, வேர்ட்டில் தட்டுவதுபோலத் தட்டினால் போதும் என்று எங்களைப் போன்ற ஆயிரம் அச்சகப் பெடியளை உள்ளே இழுத்தது அதுதான். திரையின் அடியில் மூன்று தாவல்கள். ஒன்றில் பக்கத்தைக் கட்டலாம், ஒன்றில் அதன் குறிமொழியைப் பார்க்கலாம், மூன்றாவதில் அது உலாவியில் எப்படித் தெரியும் என்று முன்னோட்டம் பார்க்கலாம். வலது மூலையில் ஒரு சின்ன மணற்கடிகாரம் இருக்கும். 28.8 மொடத்தில் இந்தப் பக்கம் திறக்க இத்தனை விநாடி எடுக்கும் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். படம் ஒன்றைச் செருகினால் அந்த எண் துள்ளி ஏறும்.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர் ஒரு மாஸ்ரர். வடமராட்சியில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஈய எழுத்துக் காலத்திலிருந்து புரூவ் பார்த்த கண். வேட்டியும் வெள்ளைச் சேட்டும், காதில் செருகிய சிவப்புப் பேனையுமாக வருவார். திரையில் பார்க்க மாட்டார் என்று நினைத்தோம். அவர்தான் முதலில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

"தம்பி, லண்டனிலை இருக்கிற பிள்ளை முதன்முதல் திறந்து பாக்கேக்கை தேப்பன்ரை முகத்திலை சிவப்புப் புள்ளடி இருக்கக்கூடாது. அதை இஞ்சை, உந்த மேசையிலை வைச்சே பாத்துப் போடோணும்."

படம் கிடைக்காவிட்டால் இன்ரநெற் எக்ஸ்புளோரர் காட்டும் வெற்றுப் பெட்டியையும் அதன் மூலையிலுள்ள சிவப்புப் புள்ளடியையும்தான் அவர் சொன்னார். அது ஏன் வருகிறது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்போய்த்தான் இந்த வேலையின் அடிப்படையே எனக்கு விளங்கியது. மேசைக் கணினியில் ஒரு படத்தைச் செருகும்போது, அது சி டிரைவுக்குள் இன்ன கோப்புறையில் இருக்கிறது என்ற முழு விலாசம் பக்கத்துக்குள் எழுதப்பட்டுவிடலாம். அதே கணினியில் திறக்கும்வரை முகம் சிரித்துக்கொண்டிருக்கும். சேர்வரில் ஏற்றிய பிறகு லண்டனில் திறப்பவரின் சி டிரைவில் அந்தக் கோப்புறை எங்கே இருக்கும்? ஆகவே ஏற்றுவதற்கு முதல் கோப்புறையின் பெயரை மாற்றுவோம், அல்லது முழுவதையும் வேறு இடத்துக்கு நகர்த்துவோம். நகர்த்திய பிறகும் படங்கள் வந்தால் விலாசம் சரி. புள்ளடி வந்தால் குறிமொழிக்குள் போய்த் திருத்த வேண்டும். இரண்டு நிமிடச் சோதனை. மாஸ்ரர் அதைத் தன் கையாலேயே செய்யப் பழகிக்கொண்டார்.

அடுத்தது பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும். ஸ்கானரும் கமெராவும் படத்தின் பெயர் முடிவில் ஜேபெக் என்பதைப் பெரிய ஆங்கில எழுத்தில் போட்டுத் தரும். பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாலும் விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். யுனிக்ஸ் வகைச் சேர்வர்கள் அப்படி விடமாட்டா. இந்தப் பிழையை நம் கணினியில் எவ்வளவு பார்த்தாலும் பிடிக்க முடியாது. எல்லாக் கோப்பின் பெயரையும் சின்ன எழுத்தில் வைப்பது என்று அச்சகத்தில் சட்டம் போட்டோம்.

இனி நெற்ஸ்கேப். நோர்வேயிலும் ஜெர்மனியிலும் பல்கலைக்கழகங்களில் இருந்த பிள்ளைகள் அதில்தான் பார்த்தார்கள். ஓர் அட்டவணையை முடிக்கும் குறி விட்டுப்போனால் எக்ஸ்புளோரர் தானே ஊகித்துக் காட்டிவிடும். நெற்ஸ்கேப் 4 ஒன்றையுமே காட்டாது, முழுப் பக்கமும் வெறுமையாகக் கிடக்கும். பொறுமையில்லாத அந்த உலாவியை எல்லாரும் திட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மாஸ்ரரைப் போல அதுவும் ஒரு பிழையைச் சும்மா விடாது.

எல்லாவற்றையும்விட எங்களை வருத்தியது எழுத்துரு. இலங்கையில் தமிழ் தட்டியவர்கள் பெரும்பாலும் பாமினியில் தட்டினோம். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துரு. அது நிறுவப்பட்ட கணினியில் 'அப்பா' என்று தெரிவது, நிறுவாத கணினியில் எம், ஜீ, ஓர் அரைப்புள்ளி, மறுபடி ஜீ, எச் என்று கிடக்கும். நம் மேசையில் பக்கம் எப்போதும் அழகாகவே தெரியும், ஏனென்றால் அங்கே பாமினி இருக்கிறது. வெளியார் காண்பதைக் காண வேண்டுமென்றால், கொன்ட்ரோல் பனலில் எழுத்துருக் கோப்புறையைத் திறந்து பாமினியை வெளியே எடுத்துவிட்டு உலாவியை மறுபடி திறக்க வேண்டும். அச்சகத்தின் பிழைப்பே பாமினியில் என்பதால் முதலாளிக்கு அது பிடிக்காது. அதனால்தான் பிளொப்பியில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்கு வருவேன். 1.44 மெகாபைட்டுக்குள் முழு நினைவுப் பக்கமும் அடங்கும். கொமியூனிகேஷன் கடையில் ஆங்கிலம் மட்டுமே தெரிந்த கணினியில் பிளொப்பியைச் செருகித் திறந்து, தமிழ் வருகிறதா, வராவிட்டால் 'எழுத்துருவை இங்கே தரவிறக்குங்கள்' என்ற ஆங்கில வரியாவது மேலே கண்ணில் படுகிறதா என்று பார்ப்பேன். பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப மைக்ரோசொஃப்ட் வெஃப்ட் என்று ஒரு கருவி கொடுத்திருந்தது. அது செய்து தரும் கோப்பு எந்தத் தள விலாசத்துக்கென்று கட்டப்பட்டதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் எக்ஸ்புளோரரில்.

ஒரு நாள் நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டும். நினைவுப் பக்கங்களுக்கென்று பொதுவான ஒரு படிவம் வைத்திருந்தோம். அதை நோட்பாட்டில் திறந்து, பெயர், திகதி, வாழ்க்கைக் குறிப்பு ஆகியவற்றைப் பாமினியில் ஒட்டுவது வழக்கம். மாஸ்ரர் அச்சான மலரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு முன்னோட்டத்தை வாசித்துக்கொண்டு வந்தவர் நிறுத்தினார்.

"ஈமக்கிரியை எங்கை, தம்பி?"

மலரில் இருந்தது: ஈமக்கிரியைகள் கொட்டாஞ்சேனை இல்லத்தில் நடைபெற்று, பூதவுடல் கனத்தை மயானத்தில் தகனம் செய்யப்பட்டது. திரையில் பூதவுடல் என்ற சொல்லிலிருந்துதான் வசனம் தொடங்கியது. முன்பகுதி முழுவதும் இல்லை. ஆனால் நோட்பாட்டில் அது பத்திரமாக இருந்தது. பாமினியில் 'ஈ' இருப்பது, கணக்கில் 'சிறியது' என்று காட்டப் போடும் குறியின் இடத்தில். காற்புள்ளி இருப்பது 'பெரியது' குறியின் இடத்தில். எச்ரிஎம்எல்லில் முதற்குறி வந்தால் ஒரு கட்டளை தொடங்குகிறது, இரண்டாவது வந்தால் அது முடிகிறது. ஆகவே ஈ முதல் காற்புள்ளி வரை எழுதியதையெல்லாம் தனக்கு விளங்காத ஏதோ கட்டளை என்று உலாவி விழுங்கிவிட்டது. ஈழம், ஈன்றோர், ஈசன் என்று எந்தச் சொல்லுக்கும் இதே கதிதான். அந்த எழுத்து வரும் இடமெல்லாம் அதற்குரிய மாற்றுக் குறியீட்டை எழுதினால் சரியாகிவிடும். ஆனால் காணாமற்போனது தெரிந்தால்தானே திருத்துவது. சிவப்புப் புள்ளடியாவது கண்ணில் படும். இது ஓர் இடைவெளிகூட விடாமல் மறைந்துவிடும், மிஞ்சிய வசனமும் இலக்கணப் பிழை இல்லாமல் நிற்கும். மூல மலரோடு ஒப்புநோக்கி வாசிக்கும் ஒருவர் இல்லாமல் அதைப் பிடிக்க வழியே இல்லை. மாஸ்ரர் அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் ஈயன்னாவைத்தான் தேடினார்.

விருந்தினர் புத்தகமும் வருகை எண்ணியும் சேர்வர் இல்லாமல் ஓடா. அதற்கு விண்டோஸ் 98 சீடியிலேயே பேர்சனல் வெப் சேர்வர் என்று ஒன்று இருந்தது. அதை நிறுவி, உலாவியில் 127.0.0.1 என்று அடித்தால் கணினி தன்னைத்தானே கூப்பிட்டுப் பதில் சொல்லும். ரெலிபோன் வயர் கழற்றிக் கிடக்கும்போதே ஒரு முழு வலைத்தளம் அந்த அறைக்குள் நடக்கும். விருந்தினர் புத்தகத்தில் முதலாளி 'சோதனை' என்று எழுதுவார். மாஸ்ரர் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறேன் என்று முழுதாக எழுதுவார், சோதனைதான் என்றாலும்.

2001இல் மழை பொய்த்து மின்வெட்டு நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வரை போனது. யூபிஎஸ் கீக் கீக் என்று கத்தும் சில நிமிடங்களுக்குள் சேமித்து அணைக்க வேண்டும். இரவில் லைன் கிடைத்தால் ஏற்றுவோம். மொடம் பாடி முடித்து இணைந்த பிறகு யாராவது மற்ற அறையில் ரெலிபோனைத் தூக்கினால் பாதியில் அறுந்துவிடும். ஜியோசிற்றீஸில் இலவசமாக 15 மெகாபைட் இடம் தந்தார்கள். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு இருந்தது. 31ஆம் நாளன்று உலகம் முழுவதிலும் இருக்கும் சொந்தங்கள் ஒரே நேரத்தில் திறந்தால் பக்கம் தற்காலிகமாக மூடப்பட்டுவிடும். அதற்காகவே படங்களைச் சுருக்கிச் சுருக்கி, அந்த மணற்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். முகம் மங்காமலும் இருக்க வேண்டும், பாரமும் குறைய வேண்டும்.

2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்தது. ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் திருப்பணிச் சபைகள் எல்லாம் தளம் வேண்டும் என்று வந்தன. கொஞ்சக் காலம் நல்ல உற்சாகம். 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடியது. அடுத்த ஆண்டு ஜூனில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் இருந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தும் வரை. கொமியூனிகேஷன் கடைகளின் வாங்குகள் காலியானதை நான் அந்த மாதத்தோடுதான் சேர்த்து நினைக்கிறேன். மாஸ்ரர் அதற்கு முன்பே போய்விட்டார். அவருடைய மலரின் மெய்ப்பை நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து பார்த்தோம். ஈயன்னா இருந்த இடங்களில் விரலை வைத்துக்கொண்டு.

2009 ஒக்டோபர் 26ஆம் திகதி ஜியோசிற்றீஸை யாகூ மூடியது. நாங்கள் ஏற்றிய பக்கங்கள் அன்றோடு போயின. ஆர்க்கைவ் ரீம் என்ற தன்னார்வலர் குழு ஓடி ஓடிப் பிரதி எடுத்து, மறு ஆண்டு 640 கிகாபைட்டுக்கும் மேற்பட்ட ஒரு பொதியாக வெளியிட்டது. அந்த மனிதர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். ஆனாலும் அதற்குள் எல்லாம் அகப்படவில்லை. அகப்பட்ட தமிழ்ப் பக்கங்களும் எழுத்துருவை விட்டுப் பிரிந்து எம், ஜீ, அரைப்புள்ளி என்றே கிடக்கின்றன.

முழுதாகத் தப்பியவை, ஏற்றுவதற்கு முதல் பார்ப்பதற்கென்று நாங்கள் மேசையில் வைத்திருந்த கோப்புறைகள். சோதனைப் பிரதி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்புறை, அதற்குள் பக்கங்கள், படங்கள், பாமினியின் எழுத்துருக் கோப்பு எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். யாரும் காப்பகம் என்று நினைத்து வைக்கவில்லை. கணினியில் இடம் போதாமல் சீடிகளில் எழுதி, மலர்கள் அடுக்கிய அலுமாரியின் மேல்தட்டில் வைத்ததுதான்.

இப்போது தளம் கட்டும் சேவைகளில் எல்லாமே அவர்களின் சேர்வரிலேயே நடக்கிறது. முன்னோட்டம் என்ற பொத்தானும் அங்கேதான், வெளியிடு என்ற பொத்தானும் அங்கேதான். எழுத்துருத் தொல்லை யூனிக்கோட்டோடு தீர்ந்தது, ஈயன்னா பிழைத்தது, கைத்தொலைபேசியில் எப்படித் தெரியும் என்றும் அதே திரையில் காட்டுகிறார்கள். இவை பெரிய நன்மைகள், மறுக்க மாட்டேன். ஆனால் கட்டணம் கட்டுவது நின்றாலோ, கொம்பனி முடிவை மாற்றினாலோ, வீட்டில் ஒரு கோப்பும் இல்லை. பக்கத்தைச் சேமித்துக்கொண்டு வந்தாலும் இரட்டைச் சொடுக்கில் பல திறப்பதில்லை. உள்ளே இருக்கும் நிரல்கள் சேர்வரைத் தேடிக் களைத்து வெறும் வெள்ளைத் திரையைத் தருகின்றன. ஊர்ச் சங்கக்காரர் யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், எந்தச் சேவையை எடுத்தாலும் எழுத்தையும் படங்களையும் உங்கள் கணினியில் தனியே வைத்திருங்கள், ஆண்டுக்கொரு முறை திறந்து பாருங்கள் என்றே சொல்கிறேன். பலருக்கு அது தேவையற்ற வேலையாகத் தெரிகிறது.

போன வருடம் மொன்றியலிலிருந்து ஒரு பிள்ளை தொடர்புகொண்டாள். தாத்தாவின் நினைவுப் பக்கம் சின்ன வயதில் பார்த்த ஞாபகம், இப்போது எங்கே தேடியும் இல்லை, அச்சான மலரும் வீடு மாறியதில் தொலைந்துவிட்டது என்றாள். அச்சகம் இப்போது இல்லை. முதலாளியின் மகன் அலுமாரிச் சாமான்களை மேபீல்ட் வீதி வீட்டில் வைத்திருந்தார். சீடி வாசிக்கும் கணினி ஒன்றை இரவல் வாங்கினேன். தாத்தாவின் கோப்புறை திறந்தது. இன்றைய உலாவியிலும் பக்கம் ஒழுங்காகவே வந்தது, மேலே ஓடும் வரிகூட ஓடியது. கூடவே இருந்த பாமினியை நிறுவியதும் தமிழ் வந்தது. ஜெர்மனியில் இருக்கும் சுரதா யாழ்வாணன் செய்து இலவசமாகக் கொடுத்த எழுத்துரு மாற்றியில் போட்டு முழுவதையும் யூனிக்கோட்டுக்குக் கொண்டுவந்தேன். மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டேன். பிறகு கோப்புறையை ஒரு பொதியாக அனுப்பினேன்.

"அங்கிள், லிங்க் ஒண்டு தர ஏலாதோ?" என்று கேட்டாள்.

லிங்க் தேவையில்லை, இண்டெக்ஸ் என்று இருக்கிற கோப்பைச் சொடுக்குங்கோ, இன்ரநெற் இல்லாமலே திறக்கும், இரண்டு மூன்று இடத்தில் பிரதி வைத்திருங்கோ என்றேன்.

அலுமாரியில் இன்னும் சீடிகள் இருக்கின்றன. சிலவற்றின் வெள்ளிப் பூச்சு உரியத் தொடங்கிவிட்டது, வாசிக்கப்படவில்லை. வாசிக்கப்படுபவற்றை ஒவ்வொன்றாக வன்தட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. குடும்பத்தவர்களைத் தேடி, அவர்களின் சம்மதத்தோடு, அங்கே கொடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் ஒன்று எழுதி வருகிறேன். நல்லூர், கரவெட்டி, வேலணை, புங்குடுதீவு என்று ஊர்வாரியாக. கொட்டாஞ்சேனையில் அந்த நாட்களில் வேறு அச்சகங்களில் இதே வேலை செய்தவர்களும் தங்கள் அலுமாரிகளைத் திறந்து பார்த்தால் நல்லது, சீடிகள் அதிக காலம் தாங்கா.